கடலுக்கும் பருவம் உண்டு
(தமிழ்ச் சிறப்பு வகுப்பு மாணவன் ஒருவன்)

சென்ற ஆவணித் திங்களில் ஓரிரவு நம் விடுதி உணவுக்கூடத்தில் ஒரு சிறு வழக்கு நிகழ்ந்தது. தீபாவளி விடுமுறையில் மாணவர் இருபதின்மர் ஒருங்குகூடிப் புதுச்சேரி சென்று, காற்றடைத்த உருளையை முதுகிற் சுமந்து கடலினுள் மூழ்கும் ஸ்கூபா என்னும் விளையாட்டை ஒருநாள் பழகி வருதல் வேண்டுமென நண்பர் ஒருவர் முன்மொழிந்தார். கூடத்தில் பெருமகிழ்ச்சி. யான் எழுந்து, "செல்வோம், ஆனால் ஐப்பசியில் வேண்டா, மாசி கடந்து செல்வோம்" என்றேன். உடனே ஒரு மூலையிலிருந்து, "பாலாற்று மணலிற் பிறந்தவனுக்குக் கடலின் செய்தி என்ன தெரியும்?" என்று ஒரு குரல் எழுந்தது. கூடம் முழுதும் நகைத்தது. யானும் நகைத்துக்கொண்டே அமர்ந்தேன்.

அவ்வாண்டு பருவத் தேர்வு குறுக்கே வந்து பயணத்தை நிறுத்திவிட்டது. இப்பொழுது வரும் ஐப்பசிக்கென அதே பட்டியல் மீண்டும் விடுதி வாயிலில் ஒட்டப்பட்டுள்ளது. அதில் 23 பெயர்கள் இருக்கின்றன. அன்று நகைப்பொலியிற் சொல்லி முடிக்க இயலாததை இவ்வாண்டு மலரிற் சொல்லி முடிக்க விரும்புகின்றேன்.

அந்த நண்பர் கூறியதில் உண்மை இல்லாமலில்லை. ஆம்பூரிற் பிறந்த எனக்குக் கடல் என்பது பள்ளிச் சுற்றுலாவில் மெரீனாக் கரையிற் கால் நனைத்த அளவேயாம். ஆயினும் வானத்தைப் பார்த்து வேலை செய்யும் வழக்கம் எங்கள் ஊருக்குப் புதிதன்று. தோல் பதனிடும் சாலையிற் பணிபுரியும் என் தந்தையார் விடியற்காலையிற் கதவைத் திறந்தவுடன் முதலிற் பார்ப்பது கிழக்கு வானத்தையே. அடைமழை நாளிற் காயப்போட்ட தோல் காயாது. காயாத தோல் கெடும். உலர்த்தும் இயந்திரங்கள் வந்து பல்லாண்டுகள் ஆகியும் அவர் பார்வை கிழக்கை விட்டு மாறவில்லை. ஓர் ஆட்டுத்தோலுக்குப் பருவம் பார்க்கும் நாம், உயிருள்ள மனிதன் கடலடியில் இறங்குவதற்குப் பருவம் பாராதிருப்பது எனக்கு விளங்காத புதிராகவே இருக்கின்றது.

யான் இதனை நூல் வழியே மட்டும் அறிந்திலேன். என் பெரியப்பாவின் மூத்த மகன் ஆம்பூரில் காலணித் தொழிற்சாலை ஒன்றில் தையற்பிரிவில் வேலை செய்பவர். ஈராண்டுகட்கு முன் கார்த்திகையில், கையிற் கிடைத்த போனசுப் பணத்துடன் உடன் வேலை செய்வார் நால்வரைச் சேர்த்துக்கொண்டு கடற்கரை நகர் ஒன்றுக்குச் சென்றார். இவ்விளையாட்டை நடத்தும் நிறுவனத்தார் (பெயர் ஈண்டு வேண்டா) "கடல் ஆண்டு முழுவதும் நன்றாகவே இருக்கும்" என்று தொலைபேசியிற் கூறிப் பணத்தை முன்னரே பெற்றுக்கொண்டனர். அண்ணனுக்கு அன்று சிறிது சளி இருந்தது. கார்த்திகையிற் சளி இல்லாதவர் யார்? படகில் ஏறியது முதல் வாந்தி. நீருள் இறங்கினால் எங்கும் கலங்கல். வழிகாட்டியாக வந்தவர் ஒரு முழத் தொலைவில் நீட்டிய கையும் தெரியவில்லையாம். காது வலிக்கின்றது என்று அண்ணன் காட்டிய சைகையை அவரும் காணவில்லை. மேலே வந்தபோது இடக்காதிற் குருதி கசிந்திருந்தது. ஊர் திரும்பி மருத்துவரிடம் சென்ற பின்னரே செவிப்பறை கிழிந்தமை தெரிந்தது. ஆறு திங்கள் அளவும், இடப்புறமிருந்து யாரேனும் அழைத்தால், அவர் தலை முழுவதும் திருப்பியே விடை கூறினார். பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, "கடலை நாங்களா கலக்கினோம்?" என்று விடை கிடைத்தது.

கடலை அவர்கள் கலக்கவில்லை என்பது மெய்யே. ஆனால் கடல் எப்பொழுது கலங்கும் என்பது அவர்கட்குத் தெரிந்திருத்தல் வேண்டும்.

இவ்விடத்தில் உடற்கூற்றின் செய்தி ஒன்றைச் சுருங்கக் கூறுவேன். கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் காற்றுமண்டல அழுத்தம் ஒருமடங்கு கூடுகின்றது. கரையில் ஒன்றாக இருப்பது 10 மீட்டரில் இரண்டாகின்றது. செவிப்பறையின் உட்புறம் தொண்டையோடு ஒரு சிறு குழலால் இணைந்துள்ளது. மூக்கைப் பிடித்து மெல்ல ஊதினால் அக்குழல் வழியே காற்றுச் சென்று உள்ளும் புறமும் அழுத்தம் சமமாகும். சளி பிடித்தவனுக்கு அக்குழல் அடைபடும். அடைபட்டால் பறை உள்நோக்கி வளைந்து கிழியும். ஆகவே மழைப்பருவம் மூழ்குவோனுக்கு இரு முனையிற் பகையாகின்றது: கடலைக் கலக்குவதும் அதுவே, சளியைக் கொடுப்பதும் அதுவே.

தமிழ் பயிலும் மாணவனாகிய எனக்கு ஓர் ஐயம் நெடுநாளாக உண்டு. தொல்காப்பியர் முல்லைக்குக் கார்காலத்தையும், குறிஞ்சிக்குக் கூதிரையும் முன்பனியையும், பாலைக்கு வேனிலையும் பின்பனியையும் பெரும்பொழுதாக வகுத்தார். நெய்தலுக்கோ எற்பாடு என்னும் சிறுபொழுது ஒன்றையே கூறிப் பெரும்பொழுது எதனையும் தனித்து விதிக்கவில்லை. பின்வந்தோர் ஆறு பருவமும் நெய்தலுக்கு உரியவே என்று அமைதி கூறினர். பிரிந்தோர் இரங்கற்கு எல்லாப் பருவமும் ஏற்குமாதலின் இலக்கியத்துக்கு அது பொருந்தும். ஆனால் கரையில் நின்று இரங்குதல் வேறு. நீரினுள் இறங்குதல் வேறு. இலக்கணத்தார் கதிர் சாயும் மாலைப்பொழுதை நெய்தலுக்கு அளித்தனர். மூழ்குவோரோ என்றும் காலைப்பொழுதையே தேர்ந்தனர். 'கடல் ஆண்டு முழுவதும் நன்றாகவே இருக்கும்' என்று கூறியவர், தம்மையறியாமலே உரையாசிரியர் கட்சியைச் சேர்ந்துவிட்டார் போலும்!

நம் நாட்டில் மூழ்குதலைத் தொழிலாகக் கொண்டவர் தூத்துக்குடிக் கடற்கரையினர். கொற்கை முத்தின் புகழ் யாவரும் அறிந்தது. அம்முத்தை எடுத்தோர் எத்திங்களில் எடுத்தனர் என்பதை நாம் கேட்பதில்லை. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இவ்வழியே சென்ற மார்க்கோ போலோ, ஏப்ரல் தொடங்கி மே நடுப்பகுதி வரையில் முத்துக்குளிப்பு நிகழ்ந்ததாக எழுதியிருக்கின்றார். ஆங்கிலேயர் காலத்தும் தூத்துக்குடியில் அது பெரும்பாலும் மார்ச்சு முதல் மே வரையிலும், மன்னாருக்குத் தெற்கே இலங்கைக் கரையில் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரையிலும் நிகழ்ந்தது. அரசு மாறிற்று, வரி மாறிற்று, கப்பலின் கொடி மாறிற்று. திங்கள் மட்டும் பெரிதும் மாறவில்லை. தூத்துக்குடியில் 1955 முதல் 1961 வரை நிகழ்ந்த கடைசி முத்துக்குளிப்புகளோடு அத்தொழில் அங்கு ஓய்ந்தது. சங்கு குளிப்போர் இன்றும் உளர்.

அவர்கள் பங்குனி சித்திரையைத் தேர்ந்தமைக்குக் காரணம் வெயில் அன்று, காற்றே. ஐப்பசி முதல் மார்கழி வரை வடகிழக்கிலிருந்து வாடை வீசுகின்றது. ஆனி முதல் ஆவணி வரை தென்மேற்கிலிருந்து கச்சான் வீசுகின்றது. ஒன்று ஓய்ந்து மற்றொன்று எழுமுன் உள்ள இடைவெளியிலே கடல் தன் மூச்சை அடக்கிக் கிடக்கும். அப்பொழுது அலை தணியும். அலை தணிய அடிமண் எழாது. மண் எழாதபடியால் கதிரவன் ஒளி முத்துச்சிப்பி கிடக்கும் பாறைத்தளமாகிய 'பார்' வரையிற் செல்லும். தூத்துக்குடிக்கு அப்பால் தொள்ளாயிரம் பார் என்று பெயர் பெற்ற பார் ஒன்று உண்டு. இத்தகைய பார்களில் கல்லைக் காலிற் பூட்டி, கயிற்றைப் பற்றி, ஒரே மூச்சில் இறங்குவோனுக்கு நீர் தெளிந்திருத்தல் அழகுக்காக அன்று, பிழைப்புக்காகவே. கலங்கிய நீரில் அவன் தடவிக்கொண்டிருப்பதற்குள் மூச்சு முடிந்துவிடும்.

நாளையும் அவர்கள் காற்றைக் கொண்டே பகுத்தனர். இரவில் நிலம் விரைவிற் குளிர, கரையினின்று கடல் நோக்கிக் காற்று வீசும். நள்ளிரவில் அக்காற்றிற் பாய் விரித்துப் புறப்பட்டு விடியும்போது பாரை அடைவர். காலை முழுதும் குளிப்பர். நண்பகலில் நிலம் சூடேற, கடலினின்று கரை நோக்கிக் காற்று எழும், அதிலேயே திரும்புவர். கூலி கேளாத இரு படகோட்டிகள்! சுறாவின் வாயைக் கட்டுவதற்கெனக் 'கடல்கட்டி' என்ற மந்திரக்காரரும் உடனிருந்தார். மார்க்கோ போலோ காலத்தில் பிராமணராக இருந்த அவர் ஆங்கிலேயர் காலத்திற் கத்தோலிக்கராக இருந்தார் என்பது மதவரலாறு பயில்வோர் ஆராயத் தக்கது. எனக்கு வியப்பளிப்பது வேறு: சுறாவைக் கட்டுவதற்கு மந்திரம் வைத்திருந்தோர், வாடையைக் கட்டுவதற்கு மந்திரம் எதுவும் வைத்திருக்கவில்லை. அது முடிந்த பின்னரே இறங்கினர்.

"அஃது ஒரே மூச்சில் மூழ்கிய காலம்; இப்பொழுது கருவி வந்துவிட்டதே" என்று நண்பர் கூறலாம். 1943-இல் பிரான்சு நாட்டில் குஸ்தோ, காஞ்ஞான் என்னும் இருவர் இக்காற்றுக் கருவியை அமைத்தனர். கருவி மூச்சைத் தந்தது. தெளிவைத் தரவில்லை, அலையைத் தணிக்கவில்லை. இதற்கு இலங்கையே சான்று. 1956-இல் அங்கு குடியேறிய எழுத்தாளர் ஆர்தர் கிளார்க்கும் அவர் நண்பர் மைக் வில்சனும் இக்கருவியோடு அத்தீவைச் சுற்றி மூழ்கியவர்கள். தீவின் தென்கிழக்கே கடல் நடுவிலுள்ள பெரிய பாசுப் பாறைக் கலங்கரை விளக்கத்தருகே 1961-இல் வில்சன் வெள்ளி நாணயங்களோடு கிடந்த பழங்கப்பல் ஒன்றைக் கண்டார். அந்நாணயங்கள் சூரத்தில் அடிக்கப்பட்டவை. அக்கண்டுபிடிப்பு நிகழ்ந்தது மார்ச்சுத் திங்களில். இரு பருவக்காற்றுகட்கும் இடைப்பட்ட சில கிழமைகள் அன்றி அப்பாறையருகே மூழ்குதல் இன்றும் அரிது. புதையலே கிடந்தாலும் கடல் கதவு திறக்கும் நாளுக்குக் காத்திருத்தல் வேண்டும்.

அதே தீவில் மற்றொன்றும் காண்கின்றோம். மேற்குக் கரையில் மூழ்குதற்கு ஏற்ற காலம் நவம்பர் முதல் ஏப்ரல் வரை. கிழக்கே திருகோணமலை, மட்டக்களப்புக் கரையிலோ ஏறக்குறைய மே முதல் செப்டம்பர் வரை. ஒரு கரையிற் கொந்தளிக்கும்போது மறு கரை அடங்கும். இவ்வளவு தூரம் போவானேன்? நம் இராமேசுவரத்திலேயே, தெற்கிலுள்ள மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்றும் வடக்கிலுள்ள பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண்கடல் என்றும் வழங்குகின்றனர். வாடையில் வடகடல் பொங்கும். கச்சானில் தென்கடல் பொங்கும். மீனவர் அதற்கேற்பத் தொழிலிடம் மாற்றிக்கொள்வர். சில கல் தொலைவுக்குள் இரு கடலும் இரு பருவமும்! 'கடல்' என்று ஒருமையிற் பேசுவது நம்மைப்போன்ற உள்நாட்டார் வழக்கு.

இனிப் புதுச்சேரிக்கு வருவோம். அங்கு ஐப்பசி கார்த்திகையிற் கடல் கலங்குவதற்கு அலை மட்டும் காரணமன்று. நம் பாலாறும் ஒரு காரணம். நகைத்த நண்பர் இதனைச் சிறிது ஊன்றிக் கேட்பாராக. ஆண்டிற் பெரும்பகுதி மணலாய்க் கிடக்கும் பாலாறு மழைக்காலத்திற் பெருகினால் வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் வழியே வந்து கல்பாக்கத்துக்குத் தெற்கே வாயலூரருகிற் கடலிற் கலக்கின்றது. 2021 நவம்பரில் அது இரு கரையும் புரள ஓடியதைப் பாலத்தின்மேல் நின்று நாமே கண்டோம். அச்செந்நீரெல்லாம் எங்குச் சென்றது? வடகிழக்குப் பருவக்காற்றுத் திங்கள்களில் நம் கிழக்குக் கரையோர நீரோட்டம் வடக்கினின்று தெற்கே பாய்கின்றது. பாலாற்று வாயிலுக்குத் தெற்கே ஏறக்குறைய 60 கிலோமீட்டரிற் புதுச்சேரி. ஆக, நாம் காசு கொடுத்து மூழ்கப் போகும் கலங்கலில் நம் ஊர் மண்ணும் சிறிது கலந்திருக்கலாம். அதில் வருவது மண் மட்டுமே என்று, தோல் ஆலைக் கழிவைக் குறித்து உச்சநீதிமன்றம் 1996-இல் அளித்த தீர்ப்பைப் படித்த எவரும் உறுதி கூறமாட்டார். மாசி பங்குனியிலோ ஆறுகள் வற்றிவிடும், நீரோட்டமும் திரும்பித் தெற்கினின்று வடக்கே செல்லும், வாடையும் ஓய்ந்திருக்கும்.

புயலைப்பற்றி விரித்துரைக்க வேண்டா. 2024-இல் தீபாவளி அக்டோபர் 31. அதற்குச் சரியாக ஒரு திங்கள் கழித்து நவம்பர் 30-ஆம் நாள் இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரியருகே கரை கடந்து, ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்தது.

திருமறை பயின்றோர்க்குப் பவுல் அப்போஸ்தலரின் கடற்பயணம் நினைவுக்கு வரும். உபவாச நாளும் கழிந்துவிட்டது, இனிக் கப்பல் செலுத்துதல் தீங்காகும் என்று கிரேத்தா தீவில் அவர் கூறினார். அவரோ கூடாரத் தொழிலாளி, அதிலும் கைதி. நூற்றுக்கு அதிபதி மாலுமியையும் கப்பலுடையவனையுமே நம்பினான். கப்பலுடையவனுக்குச் சரக்கு போய்ச் சேரவேண்டும். தங்கியிருந்த துறை மாரிக்கு வசதியாகவும் இல்லை. முதலில் தென்றல் மெதுவாய் அடித்தது. தாம் எண்ணியது கைகூடிற்று என்று நங்கூரம் தூக்கினர். பின்னர் யூரோக்கிலிதோன் என்னும் கடுங்காற்று மோதிற்று. கப்பலில் இருந்தோர் 276 பேர். இவ்வதிகாரத்தைக் கடவுளின் காவலுக்குச் சான்றாகவே நமக்குப் போதிக்கின்றனர், அது சரியே. ஆனால் அங்கே பருவம் தவறிய பயணத்தின் செய்தியும் இருக்கின்றது. முதல் நாளின் மெல்லிய தென்றல்தான் எல்லாரையும் ஏமாற்றியது.

என் கட்சிக்கு எதிரான செய்தி ஒன்றையும் மறைத்தல் முறையன்று. வேனிலில் கடல் எப்பொழுதும் அடங்கியே இருக்கும் என்று யான் கூறவில்லை. 2024 மே 6-ஆம் நாள் குமரி மாவட்டத்தில் கணபதிபுரத்தருகே கடற்கரைக்குச் சென்ற மருத்துவ மாணவர் ஐவர் அலையில் மாண்டனர். நம் வயதை ஒத்தவர்கள். தொலைவில் தென்கடலில் எழும் புயல்கள் அனுப்பும் நெடிய அலைகள், உள்ளூர்க் காற்று எதுவும் இல்லாதபோதே, கரையில் வந்து ஏறும். கள்ளக்கடல் என்று அதனை அழைக்கின்றனர். சித்திரை வைகாசியில் அது தென்கரைக்கு மிகுதி. ஐதராபாத்திலுள்ள பெருங்கடல் தகவல் நிலையம் இதனை முன்னரே அறிவிக்கின்றது. அவ்வாரத்திலும் எச்சரிக்கை இருந்தது. ஆதலின் பருவம் பார்த்தபின் நாளும் பார்த்தல் வேண்டும். "அறிவிப்பு இருக்கும்போது பருவம் எதற்கு?" என்று சிலர் வினவினர். நாளைக்குப் போகலாமா என்பதற்கே அறிவிப்பு விடை தரும். ஐப்பசியை மாசியாக்கும் ஆற்றல் அதற்கு இல்லை. முன்பணம் கட்டி, விடுப்பு எடுத்து, இருபது பேர் கரையில் நிற்கும்போது 'இன்று வேண்டா' என்று சொல்லும் துணிவு எத்தனை பேர்க்கு வரும்?

வேனில் முற்றினாலும் வேறொரு கேடு உண்டு. சித்திரை வைகாசியில் நீர் மிகச் சூடேறினால் பவளப்பாறைகள் வெளிறுகின்றன. மன்னார் வளைகுடாவில் 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் இது கடுமையாக நேர்ந்தது. நோயுற்றுக் கிடக்கும் பவளத்தின்மேற் கால் பதிக்கப் போவதும் அழகன்று. இதனாலும் பங்குனிக்கு அப்பால் தள்ளுதல் வேண்டா என்பேன்.

ஐப்பசி விடுமுறையே வசதி என்று கூறுவோர் இரண்டு காரணம் காட்டுகின்றனர். மாசி பங்குனியில் அகமதிப்பீட்டுத் தேர்வுகள் நெருங்குகின்றன என்பது ஒன்று. தீபாவளிக்கு வீட்டிற் பணம் கிடைக்கும் என்பது மற்றொன்று. முதலாவதற்கு, மாசிக் கடைசியில் வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாள் போதும். இரண்டாவதைத்தான் யான் அஞ்சுகின்றேன். இப்பட்டியலில் உள்ளோரிற் பாதிக்கு மேற்பட்டோர் தோல் ஆலையிலும் காலணித் தொழிற்சாலையிலும் பீடிக் குடிசையிலும் உழைப்போரின் மக்கள். போனசுப் பணத்தில் ஒரு பங்கை நமக்கென்று எடுத்துத் தரும் தாய்க்கு, மகன் ஒன்றும் காணாது சேற்றுநீரிற் புரண்டு வந்தான் என்று சொல்வதா? அப்பணத்தை நான்கு திங்கள் விடுதிக் காப்பாளரிடம் ஒப்படைத்து வைப்பதில் என்ன இடர்?

எனவே யான் வேண்டுவன இவை. பயணம் மாசி இறுதியிலோ பங்குனி முதற் கிழமையிலோ அமைக. காலை 10 மணிக்குள் நீரினின்று ஏறிவிடுக. சளியோ காய்ச்சலோ உடையவன் எவ்வளவு பணம் கட்டியிருந்தாலும் படகிலேயே இருக்க. நீர் கலங்கியிருந்தால் பணம் திரும்பக் கிடைக்கும் என்று நடத்துவோரிடம் முன்னரே எழுத்தில் வாங்குக. முதல்நாள் மாலையில் அவ்வூர் மீனவர் ஒருவரைக் கண்டு, "அண்ணே, நாளைக்குக் காற்று எப்படி? நீவாடு எந்தப் பக்கம்?" என்று கேட்போம். நீரோட்டத்தை நீவாடு என்று தென்கரையில் வழங்கக் கேட்டிருக்கின்றேன்; புதுச்சேரியில் வேறு சொல் இருப்பின், தமிழ் வகுப்பினர் அதனையும் ஏட்டிற் குறித்து வருவோம். வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று காற்றுக்கு அவர்கள் இட்ட பெயர்களுள் எத்தனை நமக்குத் தெரியும்? நம் ஊரில் எத்திசையில் அடித்தாலும் அது வெறுங்காற்றே.

முன்பணம் கட்டுவதற்கு இறுதிநாள் ஆடி 30 என்று பட்டியலின் அடியில் எழுதியிருக்கின்றது. அதற்குமுன் விடுதிக் கூட்டம் ஒன்று கூட்டித் திங்களை மாற்றுவதா என்று கை தூக்கச் சொல்லுமாறு செயலாளரைக் கேட்டுக்கொள்கின்றேன். அண்ணன் அன்று வருவதாகச் சொல்லியிருக்கின்றார். அவரிடம் வினவுவோர் வலப்புறம் அமர்வது நலம். இடக்காது இன்னும் முற்றும் தெளியவில்லை.